ஏறத் தெரிந்த பதினொரு வண்டிகள்

டிசம்பர் 8, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய தாய்மாமன் தவுனோ அவர்களுக்கு, அக்கா மகள் சென்யா எழுதுவது.

நீங்கள் ஒரு மனிதரை அவருடைய வீட்டிலிருந்து துரத்துகிறீர்கள். கையில் தடியில்லை, கூட போலீஸ் இல்லை. நான்கு டயரை வைத்துத் துரத்துகிறீர்கள்.

மற்றபடி இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் போன வாரத்தைவிடப் பரவாயில்லை. ஏரி உறைந்துவிட்டது, ஆனால் ஆள் நடக்கிற அளவுக்கு இன்னும் இல்லை. உங்கள் நலத்தையும் அத்தையின் நலத்தையும் அறிய ஆவல். கோடைவிழா அன்று உங்கள் ஏரி வீட்டில் சாப்பிட்ட சுட்ட சாஸேஜுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை என்று அம்மா திட்டுகிறாள். நன்றி. சாஸேஜ் நன்றாக இருந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் நலவாரியத்தின் வாகனக் குழுத் தலைவர். நான் அதே வாரியத்தில் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண் கழுவி, மாத்திரை பிரித்துக் கொடுக்கிற செவிலி. இவ்வளவு நாள் இதை நாம் குடும்பத்துக்குள் பேசியதில்லை. உறவு வேறு, வேலை வேறு என்று நீங்கள்தான் சொல்வீர்கள். நானும் மூன்று முறை வேலை வழியாகவே எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. அதனால்தான் இப்போது உறவு வழியாக எழுதுகிறேன். உறவில் இயந்திரம் கிடையாது, நீங்கள்தான் படித்தாக வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. அரைக்கைச் சட்டை போட்டு, புத்தம்புது எஸ்யூவியின் மூக்கில் சாய்ந்துகொண்டு நின்றீர்கள். பின்னால் இன்னும் பத்து எஸ்யூவி, வரிசையாக, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நிற்பது போல. "நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். இனி நம் பெண்களுக்குப் பனி ஒரு பொருட்டல்ல" என்று சொல்லியிருந்தீர்கள். எங்களில் மூன்று பேர் ஆண்கள் என்பதை விட்டுவிடுவோம். அம்மா அந்தப் படத்தை வெட்டிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தோடு சண்டை போடுகிறேன்.

எங்கள் பழைய வண்டி இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற சின்ன வண்டி. கதவு சரியாகச் சாத்தாது, சூடு வலது காலுக்கு மட்டும் வரும். ஆனால் அதில் ஆணி டயர் இருந்தது, ஐஸைக் கவ்விப் பிடிக்க ரப்பர் முழுக்க ஆணி பதித்தது. தார்ச்சாலையில் போனால் யாரோ நெல்லைப் பொரிக்கிற மாதிரி ஒரே இரைச்சல். ஆறு குளிர்காலம் அது கொர்ப்பிவாரா குன்றில் ஏறியது, ஆறு குளிர்காலமும் இறங்கியது. அந்த இரண்டாவது வினைச்சொல்லைக் கவனியுங்கள் மாமா. இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

புது வண்டிகளின் டயரைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. நகரத்தில் டயர் கடை வைத்திருக்கும் ஆர்வோவிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார், நிமிர்ந்தார்.

"இத எங்க புடிச்சீங்க?"

"வாரியம் வாங்கினது. குளிர்கால டயர்தான? பக்கத்துல மலையும் பனிப்பூவும் போட்டிருக்கே."

"போட்டிருக்கு. உன் கம்பளிச் சட்டையிலகூட மான் போட்டிருக்கு. அதுக்காக உனக்குக் கொம்பு மொளைச்சிருமா?"

"அப்ப இது என்ன?"

"தெற்கத்தி டயர் பொண்ணு. ஜெர்மன்காரன் மழை ரோட்டுல நூத்தி அறுபதுல போறதுக்குன்னு செஞ்சது. அங்க அது தங்கம். நம்ம குளிர்ல ரப்பர் கட்டையாயிரும். ஐஸ் மேல ஈரம் நின்னுச்சுன்னா, சோப்பு மேல கட்டைய வெச்ச கதைதான். நம்ம ஊருக்கு ஒண்ணு ஆணி வேணும், இல்ல வடக்கத்தி மெத்து ரப்பராவது வேணும். இது ரெண்டும் இல்ல."

"நாலு சக்கரமும் இழுக்குமே?"

"இழுக்கும். நல்லாவே இழுக்கும். ஆனா நிறுத்துறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தான், ஓட்ட வண்டிக்கும் நாலு, உன் வண்டிக்கும் நாலு. உங்க குழுத் தலைவர் ஏறுற பாதிய மட்டும் படிச்சிட்டு வாங்கிட்டாரு போல. யாரு அவரு?"

யாரோ ஒருவர் என்று சொல்லிவிட்டு வந்தேன். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இப்போது ரெய்யோவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் காகிதங்களில் அவர் ஒரு எண். அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் இடது காலை எடுத்துக்கொண்டது, கண்ணில் பாதியையும் எடுத்துக்கொண்டது. இன்சுலின் பேனாவில் உள்ள எண் தெரியாததால் காலையும் மாலையும் நாங்கள் போய்த்தான் ஊசி போடுகிறோம். கொர்ப்பிவாரா உச்சியில் அவரே கட்டிய வீடு. கூட ஒரு வேட்டை நாய், பெயர் டீசல். கண் போனாலும் காது லாரிக்காரனின் காது. பழைய வண்டி குன்றின் அடியில் திரும்பும்போதே ஆணிச் சத்தம் கேட்டுக் காபி போட்டுவிடுவார். நான் வாசலில் பூட்ஸைத் தட்டும்போது கோப்பை மேசையில் இருக்கும். புது வண்டி வந்த முதல் நாள் நான் சத்தமில்லாமல் போய்க் கதவைத் திறந்தேன். டீசல் என் கையைக் கவ்விவிட்டது.

"திருடன் மாதிரி வர்றியே," என்றார் ரெய்யோ. "வண்டி ஏன் பேச மாட்டேங்குது?"

"புது டயர்ண்ணே. சத்தமே கிடையாது."

"சத்தம் போடாத டயரும் கொரைக்காத நாயும் ஒண்ணுதான். கடைசியில கடிக்கும்."

அது கடித்த நாள் நவம்பர் 19. இரவெல்லாம் பனி பெய்து, காலையில் ஒரு டிகிரி சூடேறி, அதன்மேல் தூறல். நாலு சக்கரமும் மண்ணைத் தோண்டும் எருமை போல இழுத்து, முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் கண்ணடிக்க, வண்டி உச்சிக்கு ஏறிவிட்டது. உங்களை மனதுக்குள் ஒரு நிமிடம் பாராட்டினேன், உண்மை. ஊசி போட்டேன், காபி குடித்தேன், திரும்பினேன். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் உயிருள்ள மீன் போலத் துடித்தது. வண்டி நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. அதுதான் கொடுமை. மெதுவாக, மிக மரியாதையாக, ஒரு காபியைக் குடித்து முடிக்கிற அவகாசத்தோடு, எண்ணூறு மீட்டர் குன்றை வண்டி பக்கவாட்டில் இறங்கியது. நான் செய்ய எதுவுமே இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், அதற்கும் வண்டிக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. ரெய்யோவுக்கு போன் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

"அண்ணே, வழுக்குது!"

"பிரேக்க விடு."

"விட்டா ஓடுது!"

"புடிச்சாலும் ஓடுதுல்ல? விட்டாவாவது திரும்பும். எங்க இருக்க?"

"தபால் பெட்டிக்கிட்ட."

"எவ்வளவு கிட்ட?"

அதற்குள் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. சத்தம் அவருக்கே கேட்டது. அடிவாரத்தில் ஒரே பலகையில் நின்ற ஏழு வீட்டுத் தபால் பெட்டிகளும் பனியில் படுத்துவிட்டன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சுத்தியலோடு போய் ஏழையும் நிறுத்தினேன். வாரிய வேலையில் தச்சு வேலையும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

விபத்தை அறிவிக்கப் படிவம் இருக்கிறது. கணினியில் "நிகழ்வின் வகை" என்ற இடத்தில் நான்கு தேர்வுகள்: தாக்குதல், ஊசிக்குத்து, தூக்கும்போது முதுகுப் பிடிப்பு, மற்றவை. "மற்றவை" வேலை செய்யவில்லை. மீதி மூன்றில் எனக்கு நடந்ததற்கு நெருக்கமானது தாக்குதல்தான். அதை அழுத்தினேன். மறுநாள் தெற்கிலிருந்து மனநல ஆலோசகர் ஒருவர், மிக மென்மையான குரலில், போன் செய்தார்.

"உங்களைத் தாக்குனவரு உங்க பராமரிப்புல இருக்கிறவரா, இல்ல அவரோட சொந்தக்காரரா?"

"என்னோட சொந்தக்காரர்."

"ஐயோ. என்ன உறவு?"

"தாய்மாமன்."

அவர் அரைமணி நேரம் உங்களைப் பற்றி விசாரித்தார். சிறுவயதிலிருந்தே நீங்கள் இப்படியா என்று கேட்டார். நான் நேர்மையாகவே பதில் சொன்னேன்.

இரண்டாவது அறிக்கைக்கு வாரியம் உண்மையிலேயே அசைந்து கொடுத்தது. நவம்பர் கடைசியில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிர்க்கோ அக்கா திறந்தாள். இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையில் இருப்பவள், எதற்கும் சிரிக்காதவள். அன்று நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உள்ளே எங்கள் எல்லோருக்கும் பூட்ஸில் மாட்டுகிற ஆணிப்பட்டை. ஒவ்வொரு காலுக்கும் பத்து ஆணி.

"புரியுதா சென்யா? வண்டி வழுக்குனா நாம எறங்கி நடக்கணும். ஆணி நமக்குத்தான் அடிச்சிருக்காங்க, வண்டிக்கு இல்ல."

நடந்தேன் மாமா. வண்டியை அடிவாரத்தில் விட்டு, மருந்துப்பையைத் தோளில் போட்டு, இருபது ஆணியோடு குன்றேறினேன். ஏற இருபது நிமிடம், இறங்கப் பதினைந்து. வாரியத்தின் கணினி ரெய்யோவுக்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் பதினான்கு நிமிடம். கைபேசியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வீட்டில் இருந்தவருக்கு மாத்திரை தாமதம், அதற்கடுத்தவருக்குச் சாப்பாடு தாமதம். மூன்றாவது அறிக்கையில் இதையெல்லாம் விளக்கமாக எழுதினேன். "இந்த டயரில் கொர்ப்பிவாராவுக்குப் பாதுகாப்பாகப் போய்வர முடியாது" என்று எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. எனக்கு இல்லை, ரெய்யோவுக்கு. நான் சுத்தியலால் நிறுத்திய அதே தபால் பெட்டியில் விழுந்த முதல் கடிதம் அதுதான். எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாததால் நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. கையுறையைக் கழற்றாமல் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

அவருடைய வீடு "பாதுகாப்பாக அணுக இயலாத முகவரி" என வகைப்படுத்தப்பட்டுள்ளதாம். டிசம்பர் 12, வியாழக்கிழமை காலை, எழுபத்து நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அவர் மாற்றப்படுவாராம். விலங்குகளுக்கு அங்கே அனுமதி இல்லையாம். "களப்பணியாளர் செல்வி சென்யாவின் தொடர்ச்சியான எச்சரிக்கைகளின் அடிப்படையில்" இந்த முடிவாம். என் மூன்று அறிக்கைகளும் இணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று. அடிக்கோடு அப்படியே இருந்தது.

ரெய்யோ என் பக்கம் திரும்பினார். டீசல் மேசைக்கடியில் படுத்து என் ஆணிப்பட்டையை மோந்துகொண்டிருந்தது.

"அது நீயா? அந்தச் சென்யா?"

"ஆமாண்ணே."

"நல்லாத்தான் எழுதியிருக்க."

மாமா, அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் டயரைப் பற்றிப் புகார் செய்தேன். நீங்கள் மனிதனை மாற்றுகிறீர்கள். பதினொரு வண்டிக்கு நாற்பத்து நான்கு டயர். அவற்றை மாற்றுவதைவிட ஒற்றைக்கால் மனிதர் ஒருவரை மாற்றுவது சுலபம் என்று எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள்? அந்தக் கூட்டத்தில் காபியோடு பன் கொடுத்தார்களா?

பிறகு ரெய்யோ கேட்டார்: "கூட்டிட்டுப் போக எந்த வண்டி வரும்?"

"வாரியத்து வண்டிதான். அந்தப் பதினொண்ணுல ஒண்ணு."

அவர் முகம் மெல்ல விரிந்தது. "அப்படிப் போடு. வரட்டும். ஏறி வந்துருவாங்க, வரவேற்போம், காபி போடுவேன். எறங்கும்போது பாத்துக்கலாம். நீ போறப்ப அந்தச் சாம்பல் வாளிய உள்ள வெச்சிட்டுப் போ."

நான் வழுக்காமலிருக்கப் பாதையில் தூவுவதற்கு அவர் சவுனா குளியலறை அடுப்பிலிருந்து தினமும் சேர்த்து வைக்கிற சாம்பல் அது. சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்து, கை எட்டும் தூரம் வரைக்கும் தூவுவார். மூன்று மீட்டர் எட்டும். எண்ணூறு மீட்டர் குன்றில் மூன்று மீட்டர்தான் எனக்காக யாராவது செய்தது. வாளியை உள்ளே வைத்தேன். இருவரும் சிரித்தோம். நான் சீக்கிரம் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் கடிதத்தின் கடைசி வரியை நான் அவருக்கு வாசிக்கவில்லை. "இடமாற்ற நாளன்று பாதைக்கு மணல் இடப்படும்" என்று அதில் இருக்கிறது.

மணல் இருக்கிறது, மாமா. மணல் லாரி இருக்கிறது, அதை ஓட்ட ஆள் இருக்கிறான். ஒரு மாதமாக ஊசி போடப் போகிறவளுக்கு வராத மணல், அந்த மனிதரை அள்ளிக்கொண்டு போக ஒரு காலைக்கு மட்டும் வருகிறது. நான் படித்தது செவிலிப் படிப்பு. இதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

எங்களில் ஒருவரையாவது கேட்டீர்களா? இதை மட்டும் சொல்லுங்கள். டயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த டயரில் உட்கார்ந்து போகிற ஒரே ஒரு ஆளிடமாவது, "அம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். எங்களைக் கேட்கும் பழக்கம் உங்கள் குழுவுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கேட்டிருந்தால் ஒவ்வொருத்தியும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்: ஆணி.

போன ஞாயிறு அம்மாவைப் பார்க்க வந்தீர்கள். நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. நெல் பொரிகிற சத்தம். நீங்கள் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தபோது முற்றத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். நான்கு டயரிலும் ஆணி, புதுசு, பளபளவென்று. நீங்கள் போகிற இடமெல்லாம் சமதரை.

ஆகவே கேட்கிறேன். வியாழனுக்கு முன் ஒரே ஒரு வண்டிக்கு ஆணி டயர் போடுங்கள். பதினொன்றுக்கும் வேண்டாம், ஒன்றுக்கு. அந்த முகவரியை நான் அணுகிக் காட்டுகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கிறிஸ்துமஸ் ஹாம் பதமாக வேகட்டும். உங்கள் வாசலில் என்றும் மணல் விழட்டும்.

கோபத்துடனும் மரியாதையுடனும்,
சென்யா

பின்குறிப்பு: திங்கள் மதியம். உறையை ஒட்டிவிட்டேன், இப்போது கிழித்துவிட்டு எழுதுகிறேன். பிர்க்கோ அக்கா அலுவலகத்துக்குப் போய் டயர் கொள்முதல் காகிதங்களைக் கேட்டு நகல் எடுத்து வந்தாள். உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நான் அனுப்பினேன். ஆறாம் பக்கத்தில் "களப்பணியாளர் கருத்து" என்று ஒரு தாள் இருக்கிறது. "டயரில் உங்களுக்கு எது முக்கியம்?" என்ற கேள்விக்கு எதிரே, ஐஸ் பிடிப்பு, எரிபொருள் சிக்கனம், ஓட்டும்போது சத்தமின்மை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில் பெரிய டிக். பக்கத்தில் கையால் எழுதியிருக்கிறது: "ரேடியோகூடக் கேட்க முடியவில்லை!!" கீழே கையெழுத்து. தேதி, கோடைவிழா சனிக்கிழமை. ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை. நகலில்கூட அது கடுகுச் சாஸ் என்று தெரிகிறது.

பிர்க்கோ அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் கையெழுத்து அழகா இருக்குடி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு இப்போது நினைவு வருகிறது. ஏரிக்கரை, தோளில் வெயில், ஒரு கையில் சாஸேஜ். "ஒரு கையெழுத்து போடும்மா, ஊழியர்கிட்ட கேட்டோம்னு காட்டணும்" என்று நீங்கள் தாளை நீட்டினீர்கள். அந்த வெயிலில் யாருக்கு ஐஸ் நினைவிருக்கும்? சிரித்துக்கொண்டே டிக் போட்டேன்.

எங்களில் ஒருவரையாவது கேட்டீர்களா என்ற பத்தியை அடித்துவிடுங்கள். மற்றதை அடிக்க முடியாது. நான் ஜூனில் போட்ட ஒரு டிக்குக்கு ரெய்யோ ஏன் டிசம்பரில் வீட்டை விட்டுப் போக வேண்டும்? இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் வண்டியின் கண்ணாடித் துடைப்பானில் செருகுகிறேன். ஒன்று, வியாழன் காலைக்குள் ஆணி போட்ட ஒரு வண்டி எங்கள் வாசலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆறாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு நீங்களே கொர்ப்பிவாராவுக்கு வாருங்கள். நானும் கூட நிற்கிறேன். இருவருமாக ரெய்யோவுக்கு அதை வாசித்துக் காட்டுவோம். உங்கள் டயரில் ஏறவும் முடியும், இறங்கவும் முடியும். வண்டியா, நீங்களா? எது வரும், மாமா?